பாலும் பலகையும்: வாசகர் கேள்வி பதில்

ஓவியரும் தச்சரும் சேர்ந்து செய்யும் புதுமாதிரி மரச்சாமான்களைப் பற்றி வாசகர்களின் கேள்விகளைக் கேட்டிருந்தோம். இம்முறை கேள்விகள் எல்லாமே மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்துதான்.

ஓவிய ஆசிரியை: கித்தா (ரப்பர்) மரத்தில் நாற்காலிச் சட்டம், இருக்கை மட்டும் ரப்பர் பாலில் வார்த்தது. இதுதான் என் திட்டம். தச்சர் சட்டத்தை முடித்துக் கொடுத்த பிறகு நான் பாலை ஊற்றினேன். இரண்டு வாரமாகியும் நடுவில் ஈரம். காய்ந்த இடம் பிசுபிசுக்கிறது. பித்தளை ஆணியைச் சுற்றி ரப்பர் கறுத்து இளகிவிட்டது. எங்கே தவறு?

மூன்றும் மூன்று வேறு தவறுகள். மரத்தில் கட்டும் மங்கில் (கிண்ணத்தில்) வடியும் பாலில் ரப்பர் நூற்றுக்கு 30 முதல் 35 பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒரே மூச்சில் கனமாக ஊற்றினால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே இருக்கும் நீருக்கு வழியை அடைத்துவிடும். அமோனியா சேர்த்துக் கெட்டியாக்கிய 60 விழுக்காட்டுப் பாலை வாங்குங்கள். ஒரு பூச்சு அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வெள்ளை மறைந்து தேன் நிறம் வந்த பிறகே அடுத்த பூச்சு. 4 மில்லிமீட்டர் கனத்துக்கு எட்டுப் பத்துப் பூச்சு ஆகும். அவசரப்பட்டால் மறுபடியும் இதே கதைதான். அமோனியா கண்ணை எரிக்கும், கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

பிசுபிசுப்பு, கந்தகம் ஏறாத ரப்பரின் குணம். நம் வெயிலில் அது இளகத்தான் செய்யும். முன்கூட்டியே வல்கனைஸ் செய்த (கந்தகம் ஏற்றிய) பால் என்று கேட்டு வாங்குங்கள். அச்சு வார்ப்பவர்களும் கையுறை செய்பவர்களும் பயன்படுத்துவது அது.

பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு பட்ட ரப்பர் சீக்கிரம் சிதைந்துபோகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள். மரத்துக்குத் தேக்கு எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் பூசும் பழக்கம் இருந்தால் பால் படும் இடத்தை விட்டுவிடுங்கள். எண்ணெயில் ரப்பர் ஊதிப்போகும். அங்கே தண்ணீர் வார்னிஷ் பூசி, நன்றாக உலரவிடுங்கள். நாற்காலியை வெயில் விழும் ஐந்தடி நடைபாதையில் போடவும் கூடாது, வெடிக்கும்.

நீங்கள் கேட்காத நான்காவது தவறு ஒன்றும் இருக்கிறது. வெறும் ரப்பர் ஏடு ஆளைத் தாங்காது, சில மாதத்தில் தொட்டிலாகத் தொங்கும். உள்ளே கெட்டியான பருத்திக் கேன்வாஸ் வேண்டும். அதன் ஓரத்தைச் செருகிக் குச்சி அடித்து இறுக்க, சட்டத்தின் நான்கு பக்கமும் 6 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் ஆழத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்க வேண்டும். ஒட்டி முடித்த சட்டத்தின் மூலையில் அந்தக் காடியைச் சுத்தமாக எடுப்பது பெரும்பாடு. ஆக, பசை தொடும் முன்பே நீங்கள் பட்டறையில் நின்றிருக்க வேண்டும். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் 1921-இல் மார்செல் பிராயர் செய்த நாற்காலிக்கு குண்டா ஷ்டோல்ஸ்ல் நெய்த நெசவைப் படத்தில் பாருங்கள். சட்டமும் நெசவும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்தவை என்பது தெரியும்.

தச்சர்: ஓவியர் வரைந்து தரும் படத்தில் நாற்காலிக்கால் 20 மில்லிமீட்டர். 35 இல்லாமல் நிற்காது என்கிறேன். "அழகு போச்சு" என்கிறார். யார் சொல்வது சரி?

கால் உச்சியில் நீங்கள், பாதத்தில் அவர். இரண்டு குறுக்குச் சட்டங்கள் காலுக்குள் செங்கோணத்தில் சந்திக்கின்றன. கழுந்து (துளைக்குள் செருகும் முனை) மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது கணக்கு. 20 மில்லிமீட்டர் காலில் இரண்டு துளை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? மேலே 35 வைத்து, சட்டத்துக்குக் கீழிருந்து 20-க்குச் சரித்து இழைத்துவிடுங்கள். கண் பாதத்தைத்தான் பார்க்கும்.

சண்டை காகிதத்தில் தீராது. ஒட்டுப்பலகையில் அசல் அளவிலேயே படம் போடுங்கள். பிறகு மலிவான பலகையில் ஒரு மாதிரி அடித்து, இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இருக்கை உயரம் 430 முதல் 450, ஆழம் 400 முதல் 430 மில்லிமீட்டர். பின்பக்கம் 10, 15 மில்லிமீட்டர் தாழ வேண்டும். இந்த அளவுகளில் மட்டும் ஓவியருக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

பட்டறை உரிமையாளர்: கித்தா மர மேசைக்கடியில் தினமும் மாவு கொட்டுகிறது.

உளு. கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம். வண்டுக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. வெட்டிய மரத்தைச் சும்மா போட்டு வைத்தால் நீலம் பூத்துவிடும். அறுத்த 24 மணி நேரத்துக்குள் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்துவது நல்லது. தோட்டத்தில் மறுநடவுக்குச் சாய்த்த மரம் சும்மா கிடைக்கிறது என்று லோரியில் ஏற்றி வந்து நேரே இழைப்பதால்தான் இந்த வினை.

இப்போதைக்கு வார்னிஷை முழுக்கச் சுரண்டுங்கள், அதன்மேல் மருந்து ஏறாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் ஆசிட் கரைத்து மூன்று தடவை பூசுங்கள். துளைகளுக்குள் ஊசியால் ஏற்றுங்கள். காய்ந்ததும் மேசையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள். மூடாத மரத்துளையில்தான் வண்டு முட்டையிடும். ஆழத்தில் இருக்கும் புழு இதற்குத் தப்பலாம், ஓராண்டு கண்ணில் வைத்திருங்கள். துளை காலிலோ இணைப்பிலோ நிறைய இருந்தால் மருந்தை நம்பாமல் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து ஓடும். வெளியில் போடும் பெஞ்சுக்கு உதவாது.

ஓவியர்: 900 மில்லிமீட்டர் அகல மேசையில் கோலம் செதுக்கி, பள்ளத்தில் எப்பாக்சி ரெசின் ஊற்றினேன். குளிர்சாதன அறைக்குப் போன பிறகு கோடு கோடாகப் பிளந்துவிட்டது.

பட்டறையிலிருந்து ஏர்கான் அறைக்குப் போன பலகையின் ஈரம் நான்கு விழுக்காட்டுப் புள்ளி குறைந்தால், இந்த அகலத்தில் 6 மில்லிமீட்டர் வரை சுருங்கும். ரெசின் சுருங்காது. உங்கள் தச்சர் பலகையைச் சுற்றிலும் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தால் நகர இடமே இல்லை, பிளக்கத்தான் வேண்டும். திருகாணித் துளையை மரத்தின் நாருக்குக் குறுக்காக 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்துத் தரச் சொல்லுங்கள், பசை வேண்டாம். கோலத்துக்கு என் யோசனை: 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் வரைந்து, மேசையில் பள்ளம் எடுத்து, ஓரத்தில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பதியுங்கள். ஒட்டுப்பலகை அசைவது மிகக் குறைவு. அந்த இடைவெளியும் கோலத்தின் ஒரு கோடாகவே தெரியும்.

இருவர் சேர்ந்து அனுப்பிய கேள்வி: விற்றால் யார் பெயர்? காசை எப்படிப் பிரிப்பது?

இருவர் பெயரையும் இருக்கைக்கு அடியில் சுட்டுப் பொறியுங்கள். மரம், பால், திருகாணிக் காசை முதலில் கழித்துவிட்டு, மீதிப் பணத்தை முன்பே எழுதி வைத்த விகிதத்தில் பிரியுங்கள். படத்தை எத்தனை முறை மாற்றலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், தச்சரின் நாள்கூலி அங்கேதான் கரைகிறது. வடிவத்தைப் பாதுகாக்க நினைத்தால் 1996-ஆம் ஆண்டுத் தொழில்துறை வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐப்போவில் பதியலாம். ஆனால் வடிவம் புதிதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முகநூலில் படம் போடுவதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.