ஹெல்த் கார்டு வேண்டாம், ஒரு தாள் போதும்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சர்க்கரையும் உண்டு. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், நான் கோவையில். அவசரத்துக்கு உதவும் என்று க்யூஆர் கோடு போட்ட 'ஹெல்த் கார்டு' ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கம்பெனி கடையை மூடினால் அந்தக் கோடு எதையும் காட்டாது. உங்கள் அப்பாவின் நோய் விவரம் மட்டும் யாரிடமோ தங்கிவிடும்.

'இது அரசாங்க ஆபா கார்டு சார்' என்று சொல்லியும் காசு பறிக்கிறார்கள். ஆபா என்பது ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்க அரசாங்கம் தரும் 14 இலக்க எண். அதை நீங்களே இலவசமாக எடுக்கலாம். எடுத்து வையுங்கள், தப்பில்லை. ஆனால் ஆஸ்பத்திரி தன் பதிவுகளை அதில் இணைத்திருந்தால்தான் உள்ளே ஏதாவது இருக்கும். அதைத் திறக்க, மயங்கிக் கிடப்பவரின் போனுக்கு ஓடிபி வந்து என்ன பயன்? 2021-ல் நாடு முழுவதற்கும் என்று தொடங்கிய திட்டம் இது. இன்றும் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகள் நோயாளியின் மகனை ஃபைலோடு ஜெராக்ஸ் கடைக்குத்தான் ஓடவிடுகின்றன.

அப்பாவின் சட்டைப் பையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். பெயர், வயது, நோய்கள், ஸ்டென்ட் வைத்த தேதி, ஒவ்வாத மருந்து, இரண்டு போன் நம்பர். முக்கியமானது மாத்திரைப் பட்டியல். 'வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒண்ணு' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் டாக்டர்களான எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனிப் பெயர் கடைக்குக் கடை மாறும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை, 'க்ளோபிடோக்ரெல் 75 மி.கி.' என்பதுபோல, அளவோடு எழுதுங்கள். மூளையில் ரத்தம் அடைத்துப் பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்று தெரியாவிட்டால் அந்த முடிவே தள்ளிப்போகும்.

ரத்தப் பிரிவைத்தான் எல்லோரும் முதலில் எழுதுகிறார்கள். நாங்கள் அதை நம்பி ரத்தம் ஏற்றுவதில்லை, மறுபடி சோதித்துத்தான் ஏற்றுவோம். கட்டாயம் எழுத வேண்டிய ஒரே விலக்கு, 'பாம்பே' பிரிவு. 1952-ல் மும்பையில் கண்டறிந்தது. சாதாரணச் சோதனையில் ஓ போலத் தெரியும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ரத்தத்தைப் பொருத்திப் பார்க்கும்போது குட்டு வெளிப்படும், அப்புறம் சரியான கொடையாளரைத் தேடுவதற்குள் நேரம் போய்விடும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் அப்பாவுக்கும் சோதித்துப் பாருங்கள். இருந்தால் அதைச் சிவப்பு மையில், முதல் வரியில் எழுதுங்கள்.

கடைசியாக எடுத்த ஈசிஜி பழையது என்று தூக்கிப் போடாதீர்கள். புதியதில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, முன்பே இருந்ததா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தத் தாளில் எழுத்து மங்கிவிடும். நகல் எடுத்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு வாசல் பக்கம் ஒரு கவரில் மாட்டுங்கள், போட்டோ உங்கள் போனிலும் இருக்கட்டும். 108 வந்ததும் அந்தக் கவரையும் கூடவே ஏற்றிவிடும்படி பக்கத்து வீட்டில் இன்றே சொல்லி வையுங்கள்.

தாளின் தலைப்பில் தேதி போடுங்கள். மாத்திரை மாறினால் அன்றைக்கே பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.