இன்சுலின் ஊசியும் ஏழாம் வகுப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். சென்ற வாரம் நூலகப் பாடவேளையில் உங்கள் சிறுகதை ஒன்றை வாசித்துக் காட்டினேன். அப்பா விசைப்படகில் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய்விட, சர்க்கரை நோயால் பார்வை மங்கிய அம்மாவுக்குக் காலையில் இன்சுலின் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் செல்வியின் கதை. வகுப்பு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. முடித்ததும், "நம் வகுப்பில் இப்படி யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "மிஸ், இவனும் இப்படித்தான்" என்று ஒரு பையனைக் காட்டினாள். அவன் "இல்லை மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பையில் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான். ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆசிரியர் அறையில் இரண்டு கருத்து. "பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை. இதற்கெல்லாம் வெள்ளைக்காரன் பாணியில் கதை எதற்கு?" என்கிறார் மூத்த ஆசிரியர். இன்னொருவர், இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காலைக் கூட்டத்தில் மேடையேற்றிப் பாராட்ட வேண்டும் என்கிறார். நான் வாசித்தது தவறா? இனி என்ன செய்வது? முடிந்தால் ஒருநாள் எங்கள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் பேசுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பெயர், பள்ளியின் பெயர், அந்தப் பையனின் வீட்டைப் பற்றிய வரிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். முதுநகரில் ஒரு தெருவைச் சொன்னால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசித்ததில் ஒரு தவறும் இல்லை. கடைசியில் கேட்ட அந்தக் கேள்விதான் வேண்டாம். செல்வியின் கதை ஓடிக்கொண்டிருந்தவரை அந்தப் பையன் பத்திரமாக இருந்தான். அவள் திணறுவதைக் கேட்டபடியே தன் வீட்டை நினைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. "இங்கே யார்?" என்றதும் அந்த மறைவு போய்விட்டது. வீட்டு நோயை வெளியே சொன்னால் என்னவெல்லாம் நடக்கும் என்று இந்தப் பிள்ளைகள் முன்பே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அம்மாவைப் பற்றித் தெரு பேசும், தன்னை விடுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், அக்காவுக்கு வந்த வரன் தட்டிப்போகும். "இல்லை மிஸ்" என்று அவன் சொன்னது வீட்டைக் காப்பாற்றத்தான்.

காட்டிக்கொடுத்த அந்தப் பெண்ணைக் கோபிக்காதீர்கள். நீங்கள் கேட்பதற்கு முன்பே அவனைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தவள் அவள். அவன் வராத நாட்களில் நோட்டைக் கொடுப்பதும் அவளாகவே இருக்கலாம்.

மூத்த ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். பிரிட்டனில் இதற்குச் சட்டமே இருக்கிறது என்பது உண்மைதான். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர்களுக்கு என்ன உதவி தேவை என்று இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகள் விசாரித்தறிய வேண்டும். அங்கே இவர்களைப் பற்றிய சிறுவர் நாவல்களும் வருகின்றன, அவற்றை வகுப்பில் வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அவருக்குப் பதில் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பள்ளி நூலகத்திலிருந்து சத்திய சோதனையை எடுத்து, காந்தியின் உயர்நிலைப் பள்ளி நாட்களைப் பற்றிய அத்தியாயத்தை அவரிடம் நீட்டுங்கள்.

ராஜ்கோட்டில் தலைமையாசிரியர் கிமி உடற்பயிற்சியைக் கட்டாயமாக்குகிறார். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி அப்பாவுக்குப் பணிவிடை செய்யும் பையனுக்கு அது இடைஞ்சல். விலக்குக் கேட்கிறான், கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி, மாலை நான்கு மணிக்கு உடற்பயிற்சி. பையனிடம் கடிகாரம் இல்லை. மேகமூட்டத்தில் பொழுது தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறான், தலைமையாசிரியர் நம்பாமல் அபராதம் போடுகிறார். அது ஓரணாவா இரண்டணாவா என்பது பல்லாண்டு கழித்து எழுத உட்கார்ந்த காந்திக்கு நினைவில்லை. தன்னைப் பொய்யனாக்கியது மட்டும் மறக்கவே இல்லை. கடைசியில் அப்பாவே கடிதம் எழுதிய பிறகுதான் விலக்குக் கிடைக்கிறது.

இதே காந்திதான் சிறுவயதில் சிரவணன் நாடகத்தைப் படித்தவர். கண் தெரியாத பெற்றோரைக் காவடி கட்டிச் சுமந்துபோகும் சிரவணனின் படத்தைப் பார்த்து உருகியவர். கடமையைச் சொல்லித்தர வேண்டிய கதை அவரிடம் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. தலைமையாசிரியருக்குத்தான் அப்படி ஒரு கதையை யாரும் வாசித்துக் காட்டவில்லை. நான் செல்வியை எழுதியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். இன்சுலின் போடும் பிள்ளைக்கு இன்சுலின் போடுவதைப் பற்றி நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? அவளைத் தாமதத்துக்காக வெளியே நிற்கவைப்பவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும்தான் கதை தேவை.

கதையில் மருந்துக்கடை வரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அம்மாவின் புட்டி, ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருக்கும் மருந்து. அதற்குச் சிவப்பு மூடி போட்ட ஊசி. அன்று கடையில் கொடுத்தனுப்பியதோ, ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கான ஆரஞ்சு மூடி ஊசி. அதில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் அம்மாவின் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். செல்வி மூடியின் நிறத்தைப் பார்த்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, ஊசியை மாற்றிவரக் கடைக்கு ஓடுகிறாள். அதனால் முதல் பாடவேளைக்குத் தாமதம். அந்தப் பாடவேளை கணக்கு. தசமப் பெருக்கலுக்கு வீட்டுப்பாடம் எழுதிவராததற்காக அவளை நிற்கவைக்கிறார் வாத்தியார்.

வகுப்பில் பேச வேண்டியது இந்த இடத்தைத்தான். வாத்தியார் எதைக் கவனித்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்? தோழிக்கு என்ன தெரியும், அவள் ஏன் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டுமா? பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எல்லாம் செல்வியைப் பற்றிய பேச்சாகவே இருக்கட்டும். கதையின் நீதியை மட்டும் தயவுசெய்து எழுதச் சொல்லாதீர்கள். "பெற்றோரைப் பேண வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அத்தனை பேரும் நோட்டை மூடிவிடுவார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் கேட்டுப்பாருங்கள். உங்கள் பிள்ளைகளில் பலருக்கு அது வீட்டு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பா கரையில் இருப்பார். அதில் பெரும்பகுதி பள்ளிக்குக் கோடை விடுமுறை. செல்விக்கு ஆள்துணை கிடைக்கும்போது பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிறது; பள்ளி திறந்த சில நாட்களில் அப்பா மறுபடியும் கடலில். இதை நான் கதையில் விளக்கவில்லை. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். புதுச்சேரி நகரத்துக்குள் வாசித்தால் விளக்க வேண்டியிருக்கிறது.

மேடையேற்றும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். காலைக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய பிள்ளை மறுநாளிலிருந்து களைத்துப்போகக்கூட முடியாது. சலித்துக்கொள்ளவும் முடியாது. நம் சிறுவர் கதைகளில் பாதி, ஆட்சியர் கையால் பரிசு வாங்குவதோடு முடிந்துவிடுகின்றன. அம்மாவுக்கு ராத்திரி மறுபடியும் யார் ஊசி போட்டது என்று எழுதியவருக்குக் கவலையில்லை. ஒருநாள் மாலை செல்வி ஊசிப் பெட்டியைப் பரண்மேல் ஒளித்துவிட்டுக் கபடி பார்க்கப் போகிறாள் அல்லவா, அந்தப் பக்கத்தை எடுத்துவிடும்படி எனக்குக் கடிதங்கள் வந்தன. எடுக்கமாட்டேன். அந்த எரிச்சல் தன் ஒருத்திக்கு மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளை எங்கோ இருக்கிறது.

அந்தப் பையனுக்கு: விளக்கமும் வேண்டாம், தனியாக அழைத்து விசாரணையும் வேண்டாம். தாமதமாக வந்தால் கேள்வி கேட்காமல் உட்காரவிடுங்கள். வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே முடிக்க நேரம் கொடுங்கள். வீட்டிலிருந்து அவசரமாகப் பேச வேண்டுமென்றால் அழைக்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண்ணைக் கொடுங்கள். அவனாக வாய் திறந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதிச் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவன் வாய் திறக்காவிட்டால் மற்றதை மட்டும் செய்துகொண்டிருங்கள்.

வகுப்புக்கு நான் வருவது நல்லதல்ல. அந்தக் கதையை எழுதியவர் வந்திருக்கிறார் என்றால் அத்தனை கண்களும் அவன் பக்கம்தான் திரும்பும். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு ஒரு மாலை ஆசிரியர் அறைக்கு வருகிறேன். மூத்த ஆசிரியரும், முடிந்தால் தலைமையாசிரியரும் இருக்கும் நாளாகப் பார்த்து எழுதுங்கள். ராஜ்கோட் அத்தியாயத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்