விண்வெளியில் ஆயுதம், குப்பை, எல்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விண்வெளியில் ஆயுதமே வைக்கக் கூடாது என்று 1967 ஐ.நா. விண்வெளி ஒப்பந்தம் சொல்கிறதாமே. அப்புறம் எப்படிச் சில நாடுகள் விண்வெளிப் படை வைத்திருக்கின்றன?

அப்படிப்பட்ட முழுத் தடை அதில் இல்லை. நான்காம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அணு ஆயுதங்களையும் மற்றப் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது என்கிறது. நிலவிலும் மற்ற வான்பொருள்களிலும் ராணுவத் தளம், ஆயுதச் சோதனை, போர்ப் பயிற்சி கூடாது என்கிறது. நிலவுக்கு 'அமைதிக்காக மட்டுமே' என்று எழுதியவர்கள் சுற்றுப்பாதைக்கு அதை எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. இரு வல்லரசுகளின் உளவுச் செயற்கைக்கோள்களும் அப்போதே மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ஆகவே சாதாரண வெடிபொருளுக்கும் லேசருக்கும் இந்தப் பிரிவில் தடை இல்லை. அணுகுண்டைச் சுமந்து கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகூட விண்வெளி வழியாகத்தான் போகும். அது சுற்றுப்பாதையில் 'நிறுத்தப்படவில்லை' என்பதால் சட்டத்தின் கையில் சிக்காது.

அணு ஆயுதத்தைப் பெயர் சொல்லி எழுதியதற்குப் பின்னால் ஓர் அனுபவம் உண்டு. 1962 ஜூலையில் பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. ஆயிரம் கி.மீ.க்கும் அப்பால் இருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. அது விட்டுச்சென்ற கதிர்வீச்சில் பல செயற்கைக்கோள்கள் பழுதாயின. அந்தக் கதிர்வீச்சுக்குத் தன் நாட்டுக் கோள், பிறர் கோள் என்ற பேதம் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும், 2024 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அணு ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது என்ற கடமையை மறுபடி உறுதிசெய்யக் கொண்டுவந்த தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்தது. 13 நாடுகள் ஆதரித்தன, சீனா ஒதுங்கிக்கொண்டது. ஏற்கெனவே கையெழுத்திட்டதைத் திரும்பச் சொல்வதற்கே இவ்வளவு பாடு என்றால், புதிய தடை ஒன்றை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாடு தன் சொந்தச் செயற்கைக்கோளையே சுட்டு உடைத்தால் யார் கேட்க முடியும்?

பொருள் அவர்களுடையதுதான், ஆனால் சிதறல் எல்லாருடைய பாதையிலும் பறக்கிறது. சீனா 2007-இலும், அமெரிக்கா 2008-இலும், இந்தியா 2019-இலும், ரஷ்யா 2021-இலும் இதைச் செய்தன. நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சீனா உடைத்தது 850 கி.மீ.க்கு மேலே, கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் மூவாயிரத்துக்கும் அதிகமான துண்டுகள் உண்டாயின, பல இன்னும் சுற்றுகின்றன. இந்தியா உடைத்தது சுமார் 300 கி.மீ. உயரத்தில் என்பதால் பெரும்பாலானவை சீக்கிரமே காற்று மண்டலத்தில் எரிந்துபோயின. ரஷ்யச் சோதனையின்போது சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் விண்கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது. அந்த ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள்!

1967 ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு, பிறருக்குத் தீங்கான இடையூறு வரும் என்று தோன்றினால் முன்கூட்டியே கலந்து பேசச் சொல்கிறது. பேசாவிட்டால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இத்தகைய சோதனைகளைக் கைவிடக் கோரும் தீர்மானம் 155 வாக்குகளுடன் நிறைவேறியது. அமெரிக்கா ஆதரித்தது, ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தன, இந்தியா வாக்களிக்கவில்லை. அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் என்னைக் கேட்டால், சரியான திசை இதுதான். ஆயுதம் எது என்று வரையறுக்கப் போனால் விவாதம் முடியாது. எந்தச் செயல் கூடாது என்று சொல்வது எளிது, மீறினால் கண்டுபிடிப்பதும் எளிது.

வேற்று நாட்டுச் செயற்கைக்கோளின் துண்டு என் வீட்டுக் கூரையில் விழுந்தால்?

1972 இழப்பீட்டு ஒப்பந்தப்படி, தரையில் விழுந்து சேதமானால் ஏவிய நாடு பணம் தர வேண்டும். தவறு அவர்களுடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் நீங்களே போய்க் கேட்க முடியாது, உங்களுக்காக உங்கள் அரசுதான் கேட்கும். 1978-இல் அணு உலையோடு கனடாவில் விழுந்த சோவியத் காஸ்மாஸ் 954-க்காகக் கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு, 1981-இல் 30 லட்சம் பெற்றது.

சொந்த நாட்டின் துண்டே விழுந்தால் இந்த ஒப்பந்தம் உதவாது, உள்நாட்டுச் சட்டம்தான் கதி. மேலேயே இரண்டு கோள்கள் மோதிக்கொண்டால் விதி வேறு. அங்கே யார் தவறு என்று நிரூபித்தாக வேண்டும். 2009-இல் அமெரிக்க இரிடியம் கோளும் செயலிழந்த ரஷ்யக் கோளும் மோதியபோது இது எவ்வளவு சிக்கல் என்று புரிந்தது. செத்துப்போன கோள் எப்படி வழிவிடும்?

எங்கள் கோளின் பக்கத்தில் அந்நியக் கோள் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தால் அதைத் தாக்கலாமா?

கூடாது. ஐ.நா. சாசனம் விண்வெளிக்கும் பொருந்தும். தற்காப்பு உரிமை ஆயுதத் தாக்குதல் நடந்தால்தான். பக்கத்தில் வருவது தாக்குதல் ஆகாது. எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்றும் விதி இல்லை. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியன்-21 செயற்கைக்கோள், அதே நாட்டின் செயலிழந்த பெய்டோ வழிகாட்டிக் கோள் ஒன்றைப் பிடித்து இழுத்துப்போய் ஒதுக்குப்புறப் பாதையில் விட்டது. குப்பை அள்ளும் நல்ல வேலைதான். உயிரோடிருக்கும் கோளையும் அதே கருவியால் பிடித்து இழுக்கலாம் அல்லவா? அந்தக் கவலைதான்.

தனியார் நிறுவனம் தவறு செய்தால் அரசு கைகழுவிவிடலாமா?

முடியாது. 1967 ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு அனுமதி தருவதையும் தொடர்ந்து மேற்பார்வை செய்வதையும் அரசின் தலையில்தான் வைக்கிறது.

விண்வெளி எங்கே தொடங்குகிறது?

கார்மன் கோடு என்று 100 கி.மீ. உயரத்தைச் சொல்வார்கள். எந்த ஐ.நா. விண்வெளி ஒப்பந்தத்திலும் அந்த எண் இல்லை. 1976-இல் நிலநடுக்கோட்டை ஒட்டிய எட்டு நாடுகள், தங்கள் தலைக்கு நேர் மேலே 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள புவிநிலைப் பாதையும் (பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவதால் செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் பாதை) தங்களுடையதே என்று போகோட்டாவில் அறிவித்தன. மற்ற நாடுகள் ஏற்கவில்லை. ஆனாலும் கொலம்பியாவின் அரசியலமைப்பில் அந்தப் பாதையின் ஒரு பகுதி இன்றும் தேசத்தின் பாகமாக எழுதப்பட்டிருக்கிறது.