சூளைக்கு வந்த கர்ப்பிணிக்கு ‘நம்பர்’ வாங்க யாருக்கும் பணம் தராதீர்கள்

கேள்வி: பெரியபாளையம் பக்கம் ஒரு செங்கல் சூளையை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒடிசாவின் பலாங்கிர் மாவட்டத்திலிருந்து வந்து சூளையில் கல் அறுக்கும் ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பம். தமிழ் தெரியாது, இதுவரை ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. ஆதார் அட்டை, வேலைக்குக் கூட்டி வந்த மேஸ்திரியிடம் (சர்தார் என்பார்கள்) இருக்கிறது. “நம்பர் இல்லாவிட்டால் பிரசவம் பார்க்க மாட்டார்கள். வெளிமாநிலத்தவருக்கு அது கிடைக்காது. நாலாயிரம் கொடுத்தால் 18,000 ரூபாய் உதவித்தொகையும் சேர்த்து வாங்கித் தருகிறேன்” என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அவர் விற்கிற நம்பர் இலவசமாகக் கிடைப்பது. கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தருகிற 12 இலக்க எண் அது. ஆர்.சி.எச். எண் என்பார்கள், பிக்மி நம்பர் என்றும் சொல்வார்கள். 2017 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பதால் இதைச் சுற்றி ஒரு வியாபாரமே முளைத்துவிட்டது. பதிவு செய்வது உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர் வேலை. அவருடைய எல்லைக்குள் தங்கியிருக்கிற எந்தக் கர்ப்பிணியும் அவர் பொறுப்புதான். அந்தப் பெண் பலாங்கிரா, பண்ருட்டியா என்பது கணக்கே இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அன்றுதான் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். அதற்கு முன் சப் சென்டரில் (துணை சுகாதார நிலையம்) அந்தக் கிராம செவிலியரிடம், அதாவது நர்சம்மாவிடம், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆதார் இருந்தால் வேலை எளிது. கையில் இல்லை என்பதற்காக நாளைத் தள்ளிப்போட வேண்டாம். ஆதார் இல்லை என்று மருத்துவம் பார்க்க மறுக்கவும் கூடாது. மறுத்தால் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் சொல்லுங்கள்.

தரகர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாலாயிரம் போவது மட்டும் நஷ்டம் இல்லை. இப்படிப்பட்டவர்கள் பதிவில் தங்கள் கைபேசி எண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் எல்லாக் குறுஞ்செய்தியும் அவர்களுக்குத்தான் போகும். அடுத்த தடுப்பூசி எப்போது என்று இந்தப் பெண்ணுக்கே தெரியாது. அதே ஆள் பிரசவ நேரத்தில் ஆட்டோவோடு வந்து, கமிஷன் கிடைக்கிற நர்சிங் ஹோமில் இறக்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். 2011 முதல் அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, சாப்பாடு, வண்டி எல்லாமே எந்தக் கர்ப்பிணிக்கும் இலவசம். அந்த 18,000 ரூபாய் அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வருவது. வயது, எத்தனையாவது குழந்தை, வங்கிக் கணக்கு என்று அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. கிடைக்குமா என்று நர்சம்மாவிடமே கேளுங்கள். “பிரசவப் பணம் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று யாராவது போன் செய்தால், அது திருட்டு.

சர்தார் விஷயத்தில் நீங்கள் நேரடியாக மோத வேண்டாம். அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது முன்பணத்துக்காக ஆட்களைக் கட்டிப்போடுகிற பழைய வழி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. வெளியே போகவே விடுவதில்லை என்று தெரிந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் சர்தார் மொழிபெயர்க்க நிற்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வலி இருக்கிறதா, ரத்தம் படுகிறதா, வீட்டில் அடி விழுகிறதா என்று நர்ஸ் கேட்பதற்கு வேலை வாங்குகிறவன் வாயிலிருந்து பதில் வந்தால் அது பதிலே இல்லை. கணவரோ குழந்தையோ நின்றாலும் சில கேள்விகளுக்கு உண்மை வராது. இந்தி தெரிந்த ஒருவரைப் பிடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பலாங்கிர் பக்கம் பேசுவது சம்பல்புரி, பல பெண்களுக்கு இந்தி வராது. இரண்டு மூன்று வருடமாக வந்துபோகிற ஒரு பெண்ணாவது கடைக்கு வந்து தமிழில் சாமான் கேட்பார். அவரைக் கூட்டிப் போங்கள். மாத்திரை கொடுத்தால் எப்படிச் சாப்பிடுவாய் என்று அந்தப் பெண்ணையே செய்து காட்டச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எண்ணி நானே சர்வீஸில் ஏமாந்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு அவரைத் திட்ட வேண்டாம். அவர்கள் சாப்பிடும் பகாளா நம் பழைய சோறுதான். முருங்கைக் கீரை அவர்களுக்கும் பழக்கமானது. கூட ஒரு முட்டை கிடைத்தால் நல்லது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக் கூடாது. அங்கன்வாடியில் பெயர் கொடுத்து சத்துமாவு கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்: “இவர் மேற்கு ஒடிசா.” அங்கே சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தநோய் அதிகம். சோகை என்று இரும்பு மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், ரத்தம் ஏறாது. சூளைச் சூட்டில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் கைகால் எலும்பெல்லாம் உயிர்போகிற வலி வரும். வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

எல்லோரும் குழம்புவது பிறப்புப் பதிவில்தான். மே கடைசியில் சூளை முடிந்து ஊருக்குக் கிளம்புவார்கள். இந்தப் பெண்ணுக்கும் அப்போது மாதம் நெருங்கியிருக்கலாம். குழந்தை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பதிவு. இங்கே பிறந்தால் இங்கே, பலாங்கிரில் பிறந்தால் பலாங்கிரில். போகிற வழியில் வண்டியிலேயே பிறந்துவிட்டால், முதலில் நிற்கிற ஊரில். 21 நாளுக்குள் சொன்னால் இலவசம். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைய வேண்டும். பெயர் வைக்கவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபருக்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடம் முதல் ஓட்டர் லிஸ்ட் வரை இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால் கிளம்புமுன் தாய் சேய் நலப் புத்தகமும் அந்த 12 இலக்க எண்ணும் அவர் கையில் இருக்க வேண்டும், சர்தார் பையில் இல்லை. எண்ணைக் கணவரின் போனில் படம் எடுத்துக் கொடுங்கள். மாதம் நெருங்கிவிட்டால் ரயில் ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு மளிகைக் கடைக்காரர் செய்ய வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஐயாயிரம் பேருக்கு ஒரு சப் சென்டர் என்கிறோம். அந்த ஐயாயிரத்தில் வருடத்துக்கு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிற சூளைக் குடும்பங்களை யார் எண்ணினார்கள்? நர்சம்மா காலையில் வீடு வீடாகப் போகிறார், மாலையில் அதையே மூன்று செயலிகளில் ஏற்றுகிறார். சூளைக்குப் போக நேரம் எங்கே மிச்சம்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்த ஆளைக் கணக்கில் வராதவர் என்று திருப்பி அனுப்புவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

இந்த அபாய அறிகுறிகளை இப்போதே அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுங்கள்: கடுமையான தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் வீங்குவது, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தை அசைவு குறைவது, வலிப்பு. எது வந்தாலும், நடு ராத்திரியானாலும் 108. சூளை முகவரி அவருக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் கடைப் பெயரையும் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அவர் குடிசைக் கதவில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர சர்தார் அனுமதி தேவையில்லை என்பதையும் அவர் கணவரிடம் சொல்லி வையுங்கள்.