அளந்த பிறகே சூடு: கைப்பேசிப் போர்டு பழுதுபார்ப்பு பற்றிய கேள்வி பதில்

கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் போர்டில், அதாவது மின் பாகங்கள் பொருத்தப்பட்ட உட்தகட்டில், ஏற்படும் பழுதுகள் குறித்துச் சிங்கப்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்களை இங்கே தருகிறேன்.

பாசிர் ரிஸ் வாசகி: ஐயா, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் என் கைப்பேசி கடல்நீரில் விழுந்துவிட்டது. இரண்டு நாள் அரிசிக்குள் வைத்திருந்தேன். சார்ஜ் போட்டபோது ஒருமுறை திரை ஒளிர்ந்து அணைந்தது. என் தாயாரின் கடைசிப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. மீட்க முடியுமா?

அம்மா, முதலில் அதை மறுபடியும் சார்ஜில் போடாதீர்கள். திரை ஒருமுறை ஒளிர்ந்தது என்பது நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் பாயும்போதும் அந்த நம்பிக்கை குறைகிறது. உலோக மூடிகளுக்கு அடியிலும் ஐசிகள் எனும் சில்லுகளுக்குக் கீழும் புகுந்த நீரை அரிசியால் எடுக்க முடியாது. நீர் தானாகவே உலர்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை, ஈரமான உப்பின் வழியே கசியும் மின்சாரம் செம்பையும், பாகங்களை ஒட்டவைக்கும் உலோகமான சாலிடரையும் சிறுகச் சிறுக அரித்துக்கொண்டே இருக்கும்.

எனவே இன்றே போர்டு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் பேட்டரியைக் கழற்றி, மூடிகளை நீக்கி, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, தேவைப்பட்டால் நுண்ணதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் இட்டு, நன்கு உலர்த்திய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது "எனக்குப் படங்கள் மட்டும் போதும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கேமராவும் ஸ்பீக்கரும் வேலை செய்ய வேண்டியதில்லை. பிராசஸர், மெமரி, மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பவர் ஐசி ஆகியவை படங்களைப் பிரதி எடுக்கும் நேரம் வரை உயிரோடிருந்தால் போதும் என்னும்போது, பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டிய வேலையே வேறாகிவிடும். திரையின் கடவு எண்ணையும் நினைவில் வைத்திருங்கள். அது இல்லாமல் போர்டு பிழைத்தும் பயனில்லை.

சுவா சூ காங் வாசகர்: மெமரி ஐசியை மட்டும் கழற்றி, அதே மாடல் கைப்பேசி ஒன்றில் பொருத்தினால் படங்கள் வந்துவிடாதா?

வராது. மெமரியில் உள்ளவை மறைகுறியாக்கப்பட்டவை. அவற்றைத் திறக்கும் சாவி பிராசஸருக்குள் இருக்கிறது. ஐஃபோனில் 2013இல் வந்த 5எஸ் முதல் இதற்கென்றே பிராசஸருக்குள் தனிப் பாதுகாப்புப் பகுதி உண்டு. ஆண்ட்ராய்டு 10உடன் வெளியான கைப்பேசிகளிலிருந்து மறைகுறியாக்கம் கட்டாயமானது. பழைய போர்டு முற்றிலும் பாழானால் பிராசஸரையும் மெமரியையும் சேர்த்தே வேறு போர்டுக்கு மாற்ற வேண்டும். அது கடைசி வழி. அதைச் செய்யத் துணிவோர் சிலரே.

தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்: அண்ணா, முற்றிலும் செத்துப்போன கைப்பேசியில் எந்தப் பாகம் கெட்டது என்று ஊகிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, சாலிடரை உருக்கும் ஹாட் ஏர் கருவியைக் கையில் எடுக்கும் முன்பு இந்தக் கேள்வியைக் கேட்டது மிகவும் நல்லது. பேட்டரிக்குப் பதிலாக, ஆம்பியர் காட்டும் டிசி பவர் சப்ளையை ஏறத்தாழ 4 வோல்ட்டில் இணைத்துப் பாருங்கள். பவர் பொத்தானைத் தொடாதபோது மின்னோட்டம் கிட்டத்தட்ட சுழியமாக இருக்க வேண்டும். தொடாமலேயே அதிகமாக இழுத்தால் பேட்டரியின் முதன்மை மின் வழித்தடத்திலோ, அதனுடன் நேராக இணைந்த ஒன்றிலோ ஷார்ட், அதாவது மின்சாரம் குறுக்கு வழியில் பாயும் பழுது, இருக்கிறது. அழுத்திய பிறகே எகிறினால், பவர் ஐசி உருவாக்கும் துணை வழித்தடங்களில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் (போர்டின் பொது எதிர்முனை) கருப்பு முனையைச் சோதிக்கும் புள்ளியிலும் வைத்து அளந்து, அதே மாடலின் நல்ல போர்டில் கிடைக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். சுழியம் காட்டினால் ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் வழித்தடம் அறுந்திருக்கிறது. ஸ்கிமேட்டிக் எனும் மின்சுற்று வரைபடத்தைப் படிக்கப் பழகாமல் இந்த ஒப்பீடு கைகூடாது. ஆகவே எந்தக் கருவியை வாங்கும் முன்பும் அதைப் பழகுங்கள்.

ஷார்ட் உள்ள வழித்தடம் தெரிந்ததும், அதற்கு உரிய வோல்ட்டை மீறாமல் மின்சாரம் செலுத்தி, எது சூடாகிறது என்று வெப்பக் கேமராவில் பாருங்கள். 1.8 வோல்ட் வழித்தடத்தில் 4 வோல்ட் கொடுத்தால் பிராசஸரையே இழக்க நேரிடும். கேமரா இல்லாவிட்டால் ஆல்கஹாலைத் தடவி, எந்த இடம் முதலில் உலர்கிறது என்று கவனிக்கலாம். பல வேளைகளில் குற்றவாளி 0.4 மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு செராமிக் கெப்பாசிட்டராக இருக்கும். ஒரே வழித்தடத்தில் பல கெப்பாசிட்டர்கள் இணையாக இருப்பதால், கெட்ட ஒன்றை எடுத்தவுடனே கைப்பேசி பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். ஆயினும் அதே மதிப்புள்ள புதியதைப் பொருத்துவதே முறை.

ஈயமில்லாச் சாலிடர் ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். ஈயம் கலந்தது 183 டிகிரியிலேயே உருகும். 2017இல் வந்த ஐஃபோன் டென் முதல் பல மாடல்களில் இரண்டு போர்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாலிடரால் ஒட்டப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் கொடுக்கும் சூடு மறுபக்கத்தையும் பாதிக்கும். செத்த போர்டுகளில் போதுமான அளவு பழகாமல் பிறருடைய கைப்பேசியைத் தொடாதீர்கள்.

ஈசூன் வாசகர்: என் ஐஃபோன் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுகிறது. போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். ஏதேனும் ஓர் உணரி பதில் தராவிட்டால், கண்காணிப்பு நிரல் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் கைப்பேசியை மறுதொடக்கம் செய்துவிடும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் இருக்கும் பகுப்பாய்வுத் தரவில் 'பேனிக் ஃபுல்' என்று தொடங்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் 'மைக்1' அல்லது 'பிஆர்எஸ்0' காணவில்லை என்றிருந்தால் பெரும்பாலும் சார்ஜிங் போர்ட் கேபிளும், 'மைக்2' என்றிருந்தால் பெரும்பாலும் பவர் பொத்தான் கேபிளுமே காரணம். அண்மையில் மலிவான சார்ஜிங் போர்ட் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேபிளை மாற்றிப் பார்த்தும் தொடர்ந்தால் மட்டுமே போர்டைப் பற்றிப் பேசலாம்.

தோ பாயோ வாசகர்: பழைய மடிக்கணினியில் திரை வரவில்லை. போர்டை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் சூடாக்கியதும் சில மடிக்கணினிகள் எழுவது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் பழுது கிராஃபிக்ஸ் ஐசிக்கு உள்ளே, சிலிக்கன் சில்லையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் நுண்ணிய புள்ளிகளில் இருக்கிறது. சூடு அதைத் தற்காலிகமாக ஒட்டவைக்கிறதே தவிரக் குணமாக்குவதில்லை. சில வாரங்களில் அதே பழுது திரும்பும். இடையில் மற்றப் பாகங்களும் கெடும். உணவு சமைக்கும் அடுப்பில் சாலிடர் வேலைக்குப் பூசும் ஃப்ளக்ஸின் புகை படிவதும் நல்லதன்று.

செங்காங் வாசகி: பழைய கைப்பேசியின் பேட்டரி உப்பி, பின்மூடியைத் தூக்கிவிட்டது. இப்போது என்ன செய்வது?

சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து தள்ளி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டத்தின் தொட்டிகள் கடைத்தொகுதிகளில் உள்ளன. ஆனால் உப்பிய பேட்டரியை அவற்றுள் போட வேண்டாம். பழுதுபார்ப்பவரிடம் நேரில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே உள்ள படங்கள் வேண்டுமென்றால் புதிய பேட்டரி போட்டு அங்கேயே பிரதி எடுத்துக்கொள்ளலாம்.