வெறும் வயிற்றில் மாத்திரை போடலாமா?

கேள்வி: கட்டட வேலைக்குப் போகிறேன். வேலை இல்லாத அன்று ராத்திரி சாப்பாடு இருக்காது. வெறும் வயிற்றில் போட்டால் குடல் வெந்துவிடும் என்கிறார்கள். அந்த நாட்களில் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை விட்டுவிடுகிறேன்.

பதில்: விடாதீர்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. அதற்குச் சாப்பாடு கட்டாயம் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் போதும், குடல் வேகாது. குமட்டினால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்: மதியச் சாப்பாடுதான் நிச்சயம் என்றால் தினமும் மதியமே போடுங்கள். அட்டாசனாவிர், டாருனாவிர் போன்ற சில மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடு அவசியம். அதனால் டப்பாவில் என்ன பெயர் இருக்கிறது என்று மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.

விட்டு விட்டுச் சாப்பிட்டால் ரத்தத்தில் மருந்து குறையும், கிருமி பெருகும். அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமியிடம் பிறகு முழு மருந்தும் பலிக்காமல் போகலாம்.

மையத்தில் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்போம். ஒரு அம்மாவின் டப்பாவில் மாதக் கடைசியில் ஒன்பது மாத்திரை மிச்சம் இருந்தது. நான் ‘மறதி’ என்று எழுதப் போனேன். “மறக்கல சார், அந்த ஒன்பது நாளும் அடுப்பு எரியல” என்றார். அன்றிலிருந்து மாத்திரையை எண்ணும் முன் “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்கிறேன். உங்கள் மையத்தில் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் வழி தேட முடியும்.

கேள்வி: மருந்து ஆரம்பித்ததிலிருந்து அகோரப் பசி. மருந்தை நிறுத்தினால் பசி அடங்குமா?

பதில்: உடம்பு தேறும்போது பசிக்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். அறிகுறி இல்லாத எச்.ஐ.வி.க்கே சுமார் 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவை. நோயிலிருந்து மீளும்போது 20 முதல் 30 சதவீதம் வரை. கேழ்வரகுக் கூழ், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, முருங்கைக்கீரை, முடிந்த அன்று ஒரு முட்டை. டானிக் வாங்கும் காசை இதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். வெறும் வயிறு என்றால் டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரை முதலில், இரண்டு மணி நேரம் கழித்து இரும்புச்சத்து. கால்சியத்துக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: ரேஷனில் கூடுதல் அரிசி கிடைக்குமா? கடையில் நோயைச் சொல்ல வேண்டுமா?

பதில்: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள எச்.ஐ.வி. பாதித்த குடும்பங்களை, மிக ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டையில் சேர்க்கும்படி 2009-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. மையத்தின் ஆலோசகர் மூலம் விண்ணப்பியுங்கள். கடைக்காரரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். உங்களைச் சொல்லும்படி வற்புறுத்த 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இடம் தரவில்லை. காசநோயும் இருந்தால், சிகிச்சை முடியும்வரை ஊட்டச்சத்துக்காக மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும். மையத்துக்குப் போகவே பஸ் காசு இல்லையா? எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. பக்கத்தில் மாத்திரை தரும் இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறதா என்று அங்கே கேட்கலாம்.