சுவர் தாழ்ந்த சிறையில் குறை சொல்வது எப்படி?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனைக் கைதி. பதினோரு வருஷம் மத்திய சிறையில் இருந்தார். நன்னடத்தை பார்த்து, இரண்டு வருஷத்துக்கு முன், உயரச் சுவர் இல்லாமல் கைதிகள் வயலில் வேலை செய்யும் திறந்தவெளிச் சிறைக்கு மாற்றினார்கள். போன மாதம் சிறையில் அவரைச் சந்திக்க மனு போட்டுப் பார்த்தபோது, குடிதண்ணீர் சரியில்லை, கூலி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுவதில்லை, பல்வலிக்கு ஆறு வாரமாக டாக்டரிடம் அனுப்பவில்லை என்றார். 'யார்கிட்டயும் சொல்லிடாதே, திரும்ப உள்ளே தள்ளிடுவாங்க' என்றும் சொன்னார். இதையெல்லாம் வெளியிலிருந்து பார்க்க யாராவது இருக்கிறார்களா? நாங்கள் எழுதினால் அவருக்குக் கெடுதல் வருமா? வெளியே வந்தால் என்ன வேலை பார்ப்பார் என்றும் அம்மாவுக்குக் கவலை.

பதில்: சிறையின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன், காரணம் உங்களுக்கே தெரியும். அண்ணன் கடைசியாகச் சொன்னாரே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தர்மபுரி நீதிமன்றத்தில் பல வருஷமாக இலவச சட்ட உதவி வழக்குகள் பார்க்கிறேன். மத்திய சிறையிலிருந்து புகார்க் கடிதம் வந்துகொண்டே இருக்கும். திறந்தவெளிச் சிறையிலிருந்து வருவது அபூர்வம். அங்கே குறையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய சிறையில் இருப்பவருக்கு இழக்க அதிகம் இல்லை, எழுதிவிடுகிறார். காலையில் வயலில் இறங்கி வேலை செய்து பழகியவர் வாயைத் திறக்க யோசிப்பார். சுவரின் வேலையைப் பயம் பார்க்கிறது. ஆகவே இந்த வகைச் சிறையில் உள்ளே இருப்பவரை நம்பிப் புகார் வராது. வெளியே இருப்பவர்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் பயத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1979 டிசம்பரில் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. திகார் சிறையில் இன்னொரு கைதி சித்திரவதை செய்யப்பட்டதைச் சக கைதி ஒருவர் கடிதமாக எழுத, அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட வழக்கு அது. தண்டனைத் தன்மை உள்ள சிறை மாற்றம், சலுகை பறிப்பு எதுவானாலும் செஷன்ஸ் நீதிபதியின் பார்வைக்குப் போக வேண்டும், அவசரம் என்றால் இரண்டு நாளுக்குள் தகவல் தர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நாளை அண்ணனை மத்திய சிறைக்குத் திருப்பி அனுப்பினால், 'நீதிபதிக்குத் தெரிவித்தீர்களா, காரணம் எழுத்தில் எங்கே?' என்று கேட்க உங்களுக்கு வழி உண்டு. தீர்ப்பு இருப்பதால் யாரும் மிரட்ட மாட்டார்கள் என்று சொல்ல நான் அவ்வளவு வெள்ளந்தி இல்லை. ஆனால் இதைத் தெரிந்து வைத்திருக்கும் குடும்பத்தை மிரட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

சரி, பார்க்க யார் இருக்கிறார்கள்? இங்கிலாந்தில் ஒவ்வொரு சிறைக்கும், திறந்தவெளிச் சிறை உட்பட, சுதந்திரக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று உண்டு. சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள்தான் உறுப்பினர்கள். சிறைச் சாவி அவர்களிடம் இருக்கும். எந்த மூலைக்கும் போகலாம், எந்தக் கைதியிடமும் பேசலாம், வருஷா வருஷம் அறிக்கை வெளியிடுவார்கள். ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளும் இதையே கேட்கின்றன: சிறைத் துறைக்குக் கட்டுப்படாத பார்வையாளர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வருகை, கைதியோடு தனியாகப் பேச்சு, சொன்னவருக்குப் பழிவாங்கல் இல்லை.

நம்மிடம் சாவி வைத்திருக்கும் குழு கிடையாது. பார்வையாளர் முறை உண்டு. 1894-ஆம் வருஷத்துச் சிறைகள் சட்டத்தில் பார்வையாளர் நியமனத்துக்கு என்று இருப்பது, விதி வகுக்கும் அதிகாரப் பட்டியலில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விதிகள் வளர்ந்தன. மாவட்ட நீதிபதி, ஆட்சியர் போன்றவர்கள் பதவி வழிப் பார்வையாளர்கள். இவர்கள் போக, அரசு நியமிக்கும் பொதுமக்கள் அலுவல் சாரா பார்வையாளர்கள். வந்து பார்த்துவிட்டுப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதுவார்கள். அதைச் சிறைக் கண்காணிப்பாளர் தன் பதிலோடு மேலிடத்துக்கு அனுப்புவார்.

அந்தக் குறிப்பேட்டின் நகல் ஒன்றை ஒரு வழக்குக்காக வாங்கிப் படித்திருக்கிறேன். எந்தச் சிறை என்பது வேண்டாம். நான்கு வருகைக்கு ஒரே கையெழுத்தில் ஒரே வரி: 'உணவை ருசி பார்த்தேன். நன்றாக உள்ளது.' ஐந்தாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். குழாயில் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கால் மணி நேரம் ஜன்னலோரம் வைத்தேன், அடியில் செம்மண் படிந்தது, மூன்று பேரிடம் காவலர் இல்லாமல் பேசினேன் என்று தேதியோடு எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் தொட்டி கழுவியதாகக் கண்காணிப்பாளரின் பதில், ஆறு வாரம் கழித்து. எட்டு வரி எழுதியதற்கு ஒரு தொட்டி சுத்தமானது.

உங்கள் வேலை அந்தக் குறிப்பேட்டை உயிரோடு வைத்திருப்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அண்ணன் பெயர் மனுவில் எங்கேயும் வரக்கூடாது. நிறுவனத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்: கடந்த ஒரு வருஷத்தில் பார்வையாளர்கள் வந்த தேதிகள், அவர்கள் எழுதிய குறிப்பு, எடுத்த நடவடிக்கை, இவற்றின் நகல், இப்போதைய அலுவல் சாரா பார்வையாளர்களின் பெயர், பதவிக்காலம், கடைசியாகக் குடிதண்ணீரைச் சோதித்த அறிக்கை, கூலி விகிதமும் அதில் பிடித்தமும் எவ்வளவு என்ற ஆணை, மருத்துவர் வருகைப் பதிவு. இதை எந்தக் குடிமகனும் கேட்கலாம். உங்கள் பெயரிலேயே போடத் தயக்கமாக இருந்தால், அண்ணனோடு தொடர்பில்லாத ஊர்க்காரர் ஒருவரைப் போடச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஃப்ளோரைடு கறை படிந்த பல்லைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 'சோதனை செய்யப்பட்டது' என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்த ஆய்வகம், எந்தத் தேதி, எந்தக் குழாய் என்று கேளுங்கள்.

பல்வலி அப்படிப் பொதுவாகக் கேட்கிற விஷயம் இல்லை, அவருடைய உடம்பு. அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுதான் நேர்வழி. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. சிறை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டச் செயலாளருக்கு மனு கொடுங்கள். தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் கொடுத்தாலும் அனுப்பி வைக்கச் சொல்லலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வழக்கமான சிறை வருகையின்போது எல்லாரையும் சந்திப்பதுபோல வந்து இவரையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று. நாற்பது பேரில் ஒருவராகப் பேசியவரைக் குறி வைப்பது கடினம். முகம் வீங்கி, காய்ச்சல் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். என்ன சிகிச்சை தருகிறார்கள் என்று உடனே தகவல் மனு போடுங்கள்; உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே தகவல் உரிமைச் சட்டம் சொல்கிறது.

இதற்கு மேலே மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஒரே புகாரை மாநில ஆணையத்துக்கும் டெல்லிக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். மாநிலத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் எடுக்காது. கடைசியாக உயர் நீதிமன்றம். 2024-இல் வேலூர் மத்திய சிறைக் கைதி ஒருவரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைத்துத் துன்புறுத்தியதாக அவருடைய தாய் போட்ட மனுவில், தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவர் விசாரித்து அறிக்கை கொடுத்து, சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதியும் வரை போனது. அந்த அம்மா மனு போடாமல் இருந்திருந்தால் எந்தக் குறிப்பேட்டிலும் அது வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கூலிக் கணக்குக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டோர் நிதிக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. மாதாமாதம் எத்தனை நாள் வேலை என்று அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வரட்டும். ஒவ்வொரு முறை மனு பார்த்து வந்ததும் நீங்களும் வீட்டில் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு நோட்டும் ஒத்துப்போனால், அப்புறம் சிறையில் அவர் பெயரில் இருக்கும் பணக் கணக்கை, அதாவது பி.சி.பி. கணக்கைக் காட்டச் சொல்லிக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கேட்கலாம்.

இனி அம்மாவின் கவலை. திறந்தவெளிச் சிறை என்பதே வெளியே போவதற்கான ஒத்திகை. ராஜஸ்தானில் சாங்கானேர் முகாமில் கைதிகள் குடும்பத்தோடு குடியிருந்து வெளியே வேலைக்குப் போய் வருகிறார்கள். நம் மாநிலத்தில் சேலம், கோவை சிங்காநல்லூர், சிவகங்கை மாவட்டத்துப் புரசடைஉடைப்பு என்று இருப்பவை பெரும்பாலும் விவசாய வேலையைச் சுற்றியவை. மாவட்டத் தலைநகரங்களிலாவது திறந்தவெளிச் சிறை வருவது பற்றி யோசியுங்கள் என்று 1996-இல் ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தர்மபுரிக்கு இன்னும் வரவில்லை. அதனால் தொப்பூர் கணவாய் தாண்டித்தான் நீங்கள் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் கணக்கில் 13 வருஷம் ஆகிறது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொலை வழக்கு ஆயுள் கைதியை 14 வருஷம் சிறையில் முடிக்கும் முன் தண்டனைக் குறைப்பில் விட முடியாது, இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 475-ஆம் பிரிவு. விசாரணைக் கைதியாக இருந்த நாள் இந்த 14-இல் சேரும். பரோலில் வெளியே இருந்த நாளைச் சேர்க்கக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 14 முடிந்தால் விடுதலை உரிமை வந்துவிடாது, பரிசீலனைக்குத் தகுதி வரும், அவ்வளவுதான். ஆனால் 2025 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு உங்களுக்குச் சாதகம்: தண்டனைக் குறைப்புக் கொள்கை உள்ள மாநிலம், கைதி மனு போடாவிட்டாலும் தகுதியானவர் எல்லாரையும் தானாகவே பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே 'ரிலீஸ் ஆர்டர் வாங்கித் தரேன், இவ்வளவு ஆகும்' என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசுகிறவரிடம் ஒரு ரூபாய் தராதீர்கள். ஒவ்வொரு தலைவர் பிறந்தநாள் விடுதலை அறிவிப்பு வரும்போதும் இந்த ஆட்கள் முளைத்துவிடுகிறார்கள்.

விடுப்பானாலும் விடுதலையானாலும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை முக்கியம். அவர் ஊருக்கு வருவார். வீடு இருக்கிறதா, யார் வைத்துக்கொள்வார்கள், எதிர்த்தரப்புக் குடும்பம் அதே ஊரில் இருக்கிறதா, போலீஸ் ஸ்டேஷன் என்ன சொல்கிறது என்று கேட்பார். இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. அவர் வந்த அன்று வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் 'யாருக்குத் தெரியும்' என்பார், அறிக்கை பாதகமாகப் போகும். எதிர்த்தரப்பு பக்கத்துத் தெருவில் இருந்தால் மறைக்காதீர்கள். முதல் ஆறு மாதம் வேறு ஊரில் உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று முகவரியோடு சொல்லுங்கள். அது பலவீனம் ஆகாது, அறிக்கையை உங்கள் பக்கம் திருப்பும்.

வேலை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ஓசூர் சிப்காட் கம்பெனியை முதலில் நம்பாதீர்கள். வாசலிலேயே போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பார்கள். அண்ணன் கையில் இருப்பது விவசாயம். பாலக்கோட்டில் தக்காளி மண்டி இருக்கிறது, தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது, கால் ஏக்கர் மல்பெரி வைத்துப் புழு வளர்க்கத் தெரிந்தவருக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. உள்ளே பயிற்சி எடுத்திருந்தால் சான்றிதழை இப்போதே வாங்கச் சொல்லுங்கள். விடுதலையான பிறகு அதற்கு அலைவது பெரிய பாடு. சிறை மீண்டோர் நலச் சங்கத்தின் தொழில் உதவிக்கும் அதே நன்னடத்தை அலுவலர் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் காகிதங்கள். போன வருஷம் வெளியே வந்த ஒருவரோடு ஈ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருஷம் மண்வெட்டி பிடித்த விரல், கருவியில் ரேகையே விழவில்லை. நான்கு முறை துடைத்துத் துடைத்து வைத்தார். கடைசியில் கண்ணைப் படம் பிடித்து வேலை முடிந்தது, ஆனால் அதற்கு மூன்று நாள் போனது. ரேஷன் அட்டையில் அண்ணன் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, ஆதாரில் இருக்கும் மொபைல் எண் இன்னும் ஓடுகிறதா, பேங்க் கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று நீங்கள் இப்போதே பார்க்கலாம். சிறையில் இருக்கும்வரை ஓட்டுப் போட முடியாது, ஆனால் வெளியே வந்ததும் அந்த உரிமை திரும்பி வரும், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பூத் அலுவலரைக் கேளுங்கள்.

அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது குறைகளைப் பேச்சில் எடுக்க வேண்டாம். ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டு வாருங்கள். அதற்குள் உங்கள் தகவல் மனுவுக்கு 30 நாள் ஆகியிருக்கும்.